ஏழு மட்டும் போதாது

"வெறுந்தராசு நேராக நிற்பதைக் கண்டு ஒரு கடைக்காரனை நம்பிவிடாதே" என்று என் தந்தையார் அடிக்கடி சொல்வார். அவரே ஒரு கடைக்காரர். சிற்றூர் ஒன்றில் சிறிய மளிகைக் கடை வைத்து எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியவர்.

நாள்தோறும் காலையில் கடையைத் திறந்து, வாசலில் நீர் தெளித்தபின், அவர் செய்யும் முதல் வேலை தராசைச் சோதிப்பதுதான். உத்தரத்திலிருந்து தொங்கும் தராசின் வெறுந்தட்டுகள் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று முதலில் பார்ப்பார். பின்னர், முத்திரையிட்ட ஒரு கிலோ எடைக்கற்கள் இரண்டை எடுத்துத் தட்டுக்கு ஒன்றாக வைப்பார். அப்போதும் முள் நடுவில் நின்றால்தான் வியாபாரம் தொடங்கும்.

"வெறுந்தட்டுகள் சரியாகத்தானே நிற்கின்றன? பிறகு எதற்கு அப்பா கற்களை வைக்கிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கலாம். "தம்பி, தண்டின் ஒரு கை சற்றே நீண்டிருந்தாலும், மறுதட்டின் அடியில் கொஞ்சம் மெழுகை ஒட்டி வெறுந்தராசை நேராக்கிவிடலாம். பாரம் ஏறினால்தான் அதன் பொய் வெளிப்படும். பாரம் ஏற ஏறப் பொய்யும் கூடும்" என்றார்.

பிற்காலத்தில் தராசுக்குப் பதிலாக வேறொரு கருவியின் முன்னே 35 ஆண்டுகள் அமரப்போகிறேன் என்பதையோ, தந்தையாரின் அச்சொல்லை மறந்த காரணத்தால் ஓர் ஏழை உழவரின் முன் தலைகுனிந்து நிற்கப்போகிறேன் என்பதையோ அன்று நான் அறியேன். அந்த நிகழ்ச்சியைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன். என் பெருமைக்குரியதன்று, ஆயினும் பிறருக்குப் பயன்படக்கூடும் என்று எண்ணுகிறேன்.

வேதியியலில் பட்டம் பெற்று, 1978-ஆம் ஆண்டில் ஒரு மண் பரிசோதனை நிலையத்தில் பணியில் சேர்ந்தேன். உழவர்கள் தங்கள் வயலின் பல இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழிவெட்டி, அம்மண்ணைக் கலந்து, நான்காகப் பகுத்துக் குறைத்து, அரைக் கிலோ அளவில் துணிப்பையில் கட்டிக் கொண்டுவருவார்கள். நாங்கள் அதை நிழலில் உலர்த்தி, சலித்து, சோதித்து, எந்த உரத்தை எவ்வளவு இடலாம் என்று ஒரு தாளில் எழுதித் தருவோம். அத்தாளின் முதல் வரியில் இருப்பது மண்ணின் பி.எச். என்னும் எண்ணாகும். அதை அளப்பதே என் தலையாய பணி.

பி.எச். என்பது ஒரு பொருளின் அமிலத் தன்மையையும் காரத் தன்மையையும் காட்டும் எண். டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில், கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோரன்சன் என்னும் அறிஞர் 1909-ஆம் ஆண்டில் இதை வகுத்தார். தூய நீருக்கு 7. அதற்குக் கீழே செல்லச் செல்ல அமிலம். மேலே செல்லச் செல்லக் காரம். எலுமிச்சைச் சாறு ஏறத்தாழ 2. நம் இரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் இடையே. இந்த எண்ணில் ஒன்று கூடினால், ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்பது பொருள். எனவே, பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் வேறுபாடு உண்மையில் சிறியதன்று.

நெல் விளையும் நிலத்துக்கு இந்த எண் உயிர் போன்றது. 8.5-க்கு மேற்பட்டால் அது களர் நிலம் எனக் கருதப்படும். கல்லாதவரை வள்ளுவர் ஒப்பிட்டது இக்களர் நிலத்துக்குத்தான். அதில் சோடியம் மிகுந்திருக்கும். மழை பெய்தால் சேறாகக் குழையும், காய்ந்தால் கல்லாக இறுகும். வேருக்குள் காற்றும் நீரும் செல்லா. இட்ட யூரியாவின் பெரும்பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். மண்ணில் துத்தநாகம் இருந்தும் பயிருக்குக் கிட்டாது. இதற்கு மருந்து ஜிப்சம். அதிலுள்ள கால்சியம், மண்துகளைப் பற்றிக்கொண்டிருக்கும் சோடியத்தை விடுவிக்கும். தேக்கிய நீரை வடித்துவிட்டால் சோடியமும் உடன் வெளியேறும். நோய் இன்னதெனத் தெரியாமல் உரத்தை மட்டும் கொட்டினால், பணம் மண்ணோடு போகும்.

இந்த எண்ணைக் காட்டும் கருவியே பி.எச். மீட்டர். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வழி கேட்ட ஒரு நண்பருக்காக, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்னால்டு பெக்மன் என்னும் பேராசிரியர் 1934-ஆம் ஆண்டில் உருவாக்கிய கருவியிலிருந்து வளர்ந்தது இது. இதன் உயிர்நாடி பேனா போன்ற ஒரு கண்ணாடிக் குழாய். பாடநூல்கள் இதை மின்முனை என்று கூறும். ஆய்வகத்தில் எல்லாரும் எலெக்ட்ரோடு என்றே சொல்வோம். அதன் நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் ஒன்று உண்டு. குமிழின் உள்ளே பி.எச். 7 உள்ள கரைசல் அடைக்கப்பட்டிருக்கும். வெளியிலுள்ள திரவமும் 7 ஆக இருந்தால் இருபுறமும் சமம். மின்னழுத்தம் ஏறத்தாழச் சுழி. வெளியே 8 ஆகவோ 6 ஆகவோ மாறினால், நம் ஊர் வெப்பநிலையாகிய 30 பாகையில், எண் ஒன்றுக்கு 60 மில்லிவோல்ட் வீதம் மின்னழுத்தம் தோன்றும். அந்தச் சிறு அழுத்தத்தைக் கருவி பெருக்கி, முள்ளை அசைத்து எண்ணாகக் காட்டும்.

இங்கே ஒரு செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பி.எச். 7 என்பது இக்கருவிக்கு வெறுந்தராசு. இருதட்டும் சமமாக நிற்கும் இடம் அது.

கண்ணாடிக் குமிழ் என்றும் ஒரேபோல் இராது. அதற்கு முதுமை உண்டு. உலர்ந்துபோனால் உணர்வு குன்றும். களிமண் படிந்தால் மந்தமாகும். 60 மில்லிவோல்ட் தரவேண்டியது 55 தரும். பிறகு 50 தரும். ஆதலால், நாள்தோறும் அளவு தெரிந்த கரைசல்களில் நனைத்து அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். இதற்கென மாத்திரைகள் விற்கின்றன. ஒரு மாத்திரையை 100 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் 4.0, 7.0, 9.2 என்று குறித்த எண்ணுள்ள கரைசல் கிடைக்கும். இவற்றைப் பஃபர் என்போம்.

என் காலைக் கடமை இதுவே: எலெக்ட்ரோடைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலிலிருந்து எடுத்து, வடிநீரால் கழுவி, தேய்க்காமல் மெல்லிய தாளால் ஒற்றி எடுப்பேன். கரைசலின் வெப்பநிலையை வெப்பமானியில் பார்த்து, அதற்கெனவுள்ள குமிழைத் திருப்பி வைப்பேன். முதலில் 7 பஃபரில் நனைத்து, முள் 7-இல் நிற்குமாறு ஒரு குமிழைத் திருப்புவேன். பின்னர்க் கழுவி 9.2 பஃபரில் நனைத்து, முள் அங்கு வருமாறு 'ஸ்லோப்' என்ற மற்றொரு குமிழைத் திருப்புவேன். முதற்குமிழ் வெறுந்தட்டை நேராக்குவது. இரண்டாவது, தண்டின் கைகளைச் சமமாக்குவது. பத்து நிமிட வேலைதான். ஏழாண்டுகள் இதை நாள் தவறாமல் செய்தேன்.

1985-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். என் தங்கையின் திருமணத்துக்காக இரண்டு வாரம் விடுப்பில் சென்றேன். திரும்பியபோது, எலெக்ட்ரோடு மூடியின்றி, நனைத்துவைத்த குவளையில் நீர் வற்றி, உலர்ந்து கிடந்தது. புறப்படும் அவசரத்தில் நான்தான் அதைக் கவனியாமல் விட்டிருந்தேன். ஊறவைத்தேன், 7-இல் நனைத்தேன், முள் சற்றுத் தயங்கி 7-க்கு வந்தது. நிம்மதியடைந்தேன்.

அதே வாரத்தில் 9.2 மாத்திரைகள் தீர்ந்துபோயின. புதியவை வேண்டி எழுதினோம், வரவில்லை. ஆடிப்பட்டத்துக்கு முன் நூற்றுக்கணக்கான மண் பைகள் வந்து குவிந்தன. "ஏழில் சரியாகக் காட்டுகிறதே, போதும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் நாள் மனம் உறுத்தியது. மறுநாள் அவ்வளவாக உறுத்தவில்லை. ஒரு மாதத்தில் அது வழக்கமாகிவிட்டது.

4.0 மாத்திரைகள் அலமாரியில் சீல் உடையாமல் இருந்தன. நம் பகுதி மண் அமில மண் அன்று, அது எதற்கு என்று விட்டுவிட்டேன். வெண்காரம் ஒரு புட்டி நிறைய இருந்தது. அதில் 3.81 கிராமை எடைபோட்டு ஒரு லிட்டர் வடிநீரில் கரைத்தால் 9.18 பஃபர் ஆகிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். எனவே, மாத்திரை வரவில்லை என்று நான் சொன்னது காரணமன்று, சாக்கு.

பொங்கல் முடிந்து சில நாள் கழித்து, 1986 ஜனவரி இறுதியில், முதியவர் ஒருவர் நிலையத்துக்கு வந்தார். மடியிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். முந்திய ஜூன் மாதத்தில் நான் கையொப்பமிட்டுக் கொடுத்த அறிக்கை அது. பி.எச். 8.4, ஜிப்சம் தேவையில்லை, இன்ன இன்ன உரம் இடுக என்று என் கையெழுத்தில் இருந்தது.

"ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இதில் எழுதியிருக்கிறபடியே செய்தேன். உழவு மாட்டில் ஒன்றை விற்று உரம் வாங்கினேன். நட்ட நாற்று பச்சை பிடிக்கவே இல்லை. ஒன்றரை ஏக்கரில் விதைநெல் அளவுக்குக்கூடக் காணவில்லை. என்ன தப்பு செய்தேன் என்று கேட்டுப்போகலாமென்று வந்தேன்" என்றார்.

தாம் என்ன தவறு செய்தோம் என்று கேட்கவே அவர் வந்திருந்தார். என்னைக் குறை கூறுவதற்காக அன்று.

"பெரியவரே, அந்த வயல் முன்பு எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"எங்கள் அப்பா அந்த மூலையைக் களர் என்றுதான் சொல்வார். தம்பி நிலத்தை விற்றபோது நான் வாங்கினேன். காகிதத்தில் களர் இல்லை என்று போட்டிருந்தது. படித்தவர்கள் பார்த்து எழுதினது ஆயிற்றே என்று காகிதத்தை நம்பினேன் ஐயா."

அவரை அமரச் செய்து தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன். பின்னர், என் கைகள் நடுங்க, அலமாரியைத் திறந்து 4.0 மாத்திரைப் புட்டியின் சீலை உடைத்தேன். ஒன்றைக் கரைத்து எலெக்ட்ரோடை நனைத்தேன். முள் மெல்ல மெல்ல இறங்கி 4.9-இல் நின்றுவிட்டது. அப்பால் நகரவில்லை. மில்லிவோல்ட்டுக்கு மாற்றிப் பார்த்தேன். 7-க்கும் 4-க்கும் இடையே 180 இருக்கவேண்டிய இடத்தில் 126 இருந்தது. நூற்றுக்கு எழுபது. உடனே வெண்காரத்தைக் கரைத்து அதிலும் நனைத்தேன். 9.2-ஐ ஒட்டி நிற்கவேண்டிய முள் 8.5 என்று காட்டியது. மீண்டும் 7 பஃபரில் நனைத்தேன். சிறிதும் பிசகாமல் 7.

அந்த நிமிடத்தில் என் தந்தையாரின் முகம் என் கண்முன் வந்து நின்றது.

ஒரு பருவம் முடியும் வரை மண் மாதிரிகளை எண்ணிட்டு வைத்திருப்பது எங்கள் வழக்கம். பெரியவரின் பையைத் தேடி எடுத்தேன். பக்கத்துக் கல்லூரி ஒன்றின் வேதியியல் துறையிலிருந்து நல்ல எலெக்ட்ரோடு ஒன்றைக் கடனாகப் பெற்றுவந்து, இரு பஃபர்களிலும் திருத்திவிட்டு, 20 கிராம் மண்ணை 50 மில்லிலிட்டர் நீரில் கலந்து, அரைமணி நேரம் இடையிடையே கலக்கி அளந்தேன். 9.0. ஹைட்ரஜன் அயனிகளின் கணக்கில் பார்த்தால் 8.4-க்கும் 9.0-க்கும் ஏறத்தாழ 4 மடங்கு வேறுபாடு. ஜிப்சம் இன்றி அந்த வயலில் நெல் பிழைத்திருக்க வழியே இல்லை.

பெரியவரிடம் சென்று, "தவறு உங்களுடையதன்று, என்னுடையது. கருவியைச் சரிவரச் சோதிக்காமல் எழுதிக்கொடுத்துவிட்டேன். உங்கள் தந்தையார் சொன்னதே சரி" என்றேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் என்னைப்போல் இன்னும் எத்தனை பேர் ஐயா?" என்று கேட்டார்.

தம் இழப்பை விட்டு, பிறரைப் பற்றி அவர் கேட்ட அந்தக் கேள்வி என் நெஞ்சில் தைத்தது. அதுவரை அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அன்று மாலை பதிவேட்டைப் புரட்டினேன். அப்போதுதான் இந்தப் பிழையின் முழுத் தன்மையும் எனக்கு விளங்கியது. பி.எச். 7-ஐ ஒட்டிய நல்ல மண்ணுக்கெல்லாம் என் கருவி சரியாகவே சொல்லியிருந்தது. உண்மையில் 7.2 உள்ள மண்ணை 7.1 என்று காட்டியிருக்கும். அதனால் யாருக்கும் கேடில்லை. 7-இலிருந்து விலக விலகத்தான் பிழையும் வளர்ந்தது. சீராக இருந்த நிலத்துக்குச் சரியாகச் சொன்ன கருவி, நோயுற்ற நிலத்துக்கு மட்டும் பொய் சொல்லியிருந்தது. யாருக்கு என் உதவி மிகவும் தேவைப்பட்டதோ, அவர்களையே அது கைவிட்டிருந்தது. அறிக்கை பெற்றவர்களில் பெரும்பாலோர் நல்ல நிலம் உடையவர்கள். ஆதலால் ஒன்பது மாதம் ஒருவரும் முறையிடவில்லை. முறையீடு வராததையே நான் என் வேலையின் செம்மைக்குச் சான்றாகக் கொண்டிருந்தேன்!

மற்றொன்றும் விளங்கியது. ஒவ்வொரு காலையும் கருவி 7 என்று சொன்னது அதன் சாட்சியமே அன்று. குமிழைத் திருப்பி அதனை 7 என்று சொல்லவைத்தவன் நான். நான் சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொன்னதற்காக அதை நம்பினேன். குமிழ் விரிசல் கண்டு பாழான எலெக்ட்ரோடும் எந்தக் கரைசலில் இட்டாலும் பெரும்பாலும் 7-ஐ ஒட்டியே காட்டிக்கொண்டிருக்கும் என்பது இத்தொழிலில் உள்ளோர் அறிந்தது. அறிந்திருந்தும் அயர்ந்தேன்.

மறுநாள் எங்கள் அலுவலரிடம் எல்லாவற்றையும் கூறினேன். அவர் கெட்டவர் அல்லர். "இனிமேல் சரியாகச் செய்தால் போதாதா? கடிதம் எழுதித் தெரிவித்தால் நிலையத்தின் பெயர் என்னாவது? இனி எவன் மண்ணைக் கொண்டுவருவான்?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மண் பரிசோதனையில் உழவர்களுக்கு நம்பிக்கை ஏற்படுத்துவதற்கு அவர் ஊர் ஊராக மிதிவண்டியில் சென்றவர். "ஐயா, இவர்கள் அடுத்த பருவத்திலும் அந்தத் தாளைப் பார்த்துத்தானே உரம் இடுவார்கள்?" என்று மட்டும் கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த நாள் காலையில், "பதிவேட்டில் 8-உம் அதற்கு மேலும் உள்ள எண்களை எல்லாம் எடுங்கள். திரும்ப அளப்போம். கடிதத்தில் நானே கையொப்பமிடுகிறேன்" என்றார். அவரிடம் அன்று தோன்றிய மதிப்பு இன்றளவும் எனக்குக் குறையவில்லை.

மொத்தம் 41 மாதிரிகள். இரண்டு வாரம் மாலை நேரங்களில் அமர்ந்து அளந்தோம். அவற்றில் 26, 8.5-க்கு மேல் இருந்தன. 26 பேருக்கும் கடிதம் சென்றது. சிலர் நேரில் வந்து சினந்தார்கள். சிலர் வரவே இல்லை. ஒருவர், "தப்பென்று எழுதுகிற சர்க்கார் கடிதத்தை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று கூறிச் சென்றார். எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது; ஆறு மாதத்துக்கு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். என் மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நமக்கு ஆறு மாதம் கழித்துக் கிடைத்துவிடும். அந்தப் பெரியவருக்கு மாடு யார் கொடுப்பார்?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

அவ்வாண்டுக் கோடையில் பெரியவரின் வயலுக்குச் சென்றேன். ஜிப்சம் வாங்கும் செலவில் ஒரு பகுதியை நான் ஏற்க விரும்பினேன். அவர் ஒப்பவில்லை. நெடுநேரம் மன்றாடியபின், "பணம் வேண்டாம். என் மகனோடு நின்று செய்முறையைக் காட்டிக் கொடுங்கள்" என்றார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் சென்றேன். வயலைச் சிறு சிறு பாத்திகளாக வரப்பிட்டு, ஜிப்சம் தூவி உழுது, நீர் கட்டி நிறுத்தி, வடித்து, மறுபடியும் கட்டினோம். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, வளர்ந்ததும் மடக்கி உழுதார்கள். களரைத் தாங்கக்கூடிய கோ 43 நெல்லை நட்டார்கள். அந்தச் சம்பாவில் வயல் பச்சை பிடித்தது. விளைச்சல் பிரமாதமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். குடும்பத்துக்கு நெல் இருந்தது. களர் ஒரே ஆண்டில் தீர்ந்துவிடும் நோயன்று. விற்ற மாட்டை வாங்க அவருக்கு மேலும் இரண்டாண்டுகள் ஆயின.

ஒருமுறை அவர் நிலையத்துக்கு வந்து, "என்னை ஏமாற்றிய அந்தப் பெட்டியைப் பார்க்கவேண்டும்" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். புதிய எலெக்ட்ரோடை 7-இல் நனைத்துக் காட்டினேன், பிறகு 9.2-இல், அதன்பின், சரிபார்ப்பதற்காக 4-இலும். கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஊர்ப் பஞ்சாயத்திலும் ஒரு சாட்சி போதாது ஐயா" என்றார். கருவியியல் நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

அன்றுமுதல், 2013-இல் ஓய்வு பெறும்வரை, இரண்டு பஃபர்களில் திருத்தி மூன்றாவதில் சோதிக்காமல் நான் ஒரு மண்ணையும் அளந்ததில்லை. நாளும், எலெக்ட்ரோடு தந்த மில்லிவோல்ட்டும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பேன். எழுதிவைத்தால் அதன் முதுமை நாளுக்கு நாள் கண்ணுக்குத் தெரியும். நூற்றுக்கு 90-க்குக் கீழே இறங்கியதும் அதைக் கழித்துவிட்டுப் புதியது கேட்பேன். பஃபரைச் சிறு குவளையில் ஊற்றியே பயன்படுத்துவேன். மிஞ்சியதை ஒருபோதும் புட்டியில் திரும்ப ஊற்றமாட்டேன். 9.2 பஃபர் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித் தன் எண்ணிலிருந்து இறங்கிவிடும்; ஆதலால் அதன் மூடியை இறுக்கி வைப்பேன். அளவுகோலே தேய்ந்துபோனால் எதைக்கொண்டு எதை அளப்பது?

அண்மையில், ஆய்வகம் ஒன்றில் பணியாற்றும் என் தம்பி மகளைக் காணச் சென்றிருந்தேன். 2015 முதல் நாடெங்கும் உழவர்களுக்கு மண் வள அட்டை வழங்கப்படுகிறதன்றோ. அதற்கான சோதனைகளும் அங்கே நடைபெறுகின்றன. இன்றைய கருவி எந்தப் பஃபரில் நனைத்தோம் என்பதைத் தானே உணர்கிறது. வெப்பநிலையைத் தானே அளக்கிறது. இறுதியில் எலெக்ட்ரோடின் திறன் நூற்றுக்கு இவ்வளவு என்று திரையில் எழுதியும் காட்டுகிறது. நான் திருப்பிய குமிழ்கள் ஒன்றும் இல்லை. வியந்து நின்றேன்.

"அந்த எண் எவ்வளவு காட்டிற்று அம்மா?" என்று கேட்டேன்.

"எந்த எண் பெரியப்பா?" என்றாள். பொத்தானை அழுத்தி அடுத்த பக்கத்துக்கு அவள் ஏற்கெனவே சென்றுவிட்டிருந்தாள்.

அவளைக் கடிந்துகொள்ளவில்லை; கடிந்துகொள்ள எனக்குத் தகுதியும் இல்லை. பக்கத்தில் அமர்ந்து இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவளாகவே எலெக்ட்ரோடைக் கழுவி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

இதை வாசிக்கும் குடும்பங்களில் ஆய்வகம் இராது என்பதை அறிவேன். ஆயினும், இன்று பல வீடுகளில் இரத்தச் சர்க்கரை பார்க்கும் சிறு கருவி இருக்கிறது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருக்கிறது. நலமாயிருக்கும் மகன் தன் விரலைக் குத்திப் பார்த்து, "சரியாகத்தான் காட்டுகிறது" என்று சொல்வான். அது வெறுந்தராசு. நோயுற்ற தாய்க்கும் அது சரியாகக் காட்டுகிறதா என்பதன்றோ கேள்வி! தாயார் ஆய்வுக்கூடத்தில் இரத்தம் கொடுக்கும் அதே வேளையில் வீட்டுக் கருவியிலும் ஒருமுறை பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டு எழுதிவையுங்கள். அழுத்தமானியை மருத்துவரிடம் கொண்டுசென்று அவருடையதோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள். பெரிய செலவில்லை, சிறிது நேரம்தான்.

நம் தீர்ப்புகளும் இப்படித்தானே என்று சில வேளை எண்ணுவதுண்டு. நமக்கு ஒத்துவருபவர்களிடம், சிக்கல் ஏதும் இல்லாத நாள்களில், நாம் எல்லாரும் நேர்மையாகவே நடக்கிறோம். நம்மிடமிருந்து வெகுதொலைவில் நிற்கும் ஒருவர், துயரத்தோடு வந்து கேட்கும்போது நம் முள் எங்கே நிற்கிறது என்பதில்தான் சோதனை இருக்கிறது.

பெரியவர் இன்று இல்லை. அவருடைய மகன் அந்த வயலில் இன்னும் நெல் பயிரிடுகிறார். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை மண்ணைச் சோதனைக்குக் கொடுக்கிறார். சோதிப்பவரிடம் அவர் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டாம்: "ஐயா, ஏழில் மட்டும்தான் பார்த்தீர்களா, மற்றதிலும் பார்த்தீர்களா?"

அவருடைய தந்தையார் சொல்லிக்கொடுத்த கேள்வி அது.